பழுதுக்குத் தமிழ் வேண்டாவா?



ஒரு பொறி ஓடிக்கொண்டிருக்கும்போது அஃது எம்மொழியில் பேசினும் நமக்குப் பெரிதாகத் தோன்றுவதில்லை. அது நின்றுபோகும் வேளையில் எம்மொழியில் பேசுகின்றதோ அம்மொழியை அறிந்தவனே அப்பொறிக்கு உடையவன். ஏனையோன் குடிக்கூலிக்கு இருப்பவன். இவ்வுண்மையை யான் ஏட்டில் கற்கவில்லை. ஆம்பூரை அடுத்த பள்ளியொன்றில், தமிழாசிரியர் அறையின் மூலையில் கிடந்த கணினியொன்றின் முன் கைபிசைந்து நின்று கற்றேன். கற்றதற்குக் கொடுத்த விலையோ பெரிது. அவ்விலையை நீங்களும் கொடுத்தலாகாது என்பதற்காகவே இதனை எழுதுகின்றேன்.

ஆம்பூர், வாணியம்பாடி, பேரணாம்பட்டு, மேல்விசாரம், இராணிப்பேட்டை ஆகிய ஊர்கள் தோலால் வாழ்பவை. 2019-இல் பழைய வேலூர் மாவட்டம் மூன்றாகப் பிரிந்து இவ்வூர்கள் வெவ்வேறு மாவட்டங்களுக்கு உரியவாயின. எனினும் தொழில் ஒன்றே. என் வகுப்பில் அமரும் பிள்ளைகளுட் பாதிப்பேரின் தந்தையரோ பாட்டன்மாரோ தோல் பதனிடும் தொழிலில் தம் கையையும் முதுகையும் தேய்த்தவர்கள். தோலை ஊறவைத்து, சுண்ணாம்புக் குழியிலிட்டு, மயிர் களைந்து, சதை சீவி, ஆவாரம்பட்டைச் சாற்றில் பதனிட்டு, கடுக்காய் நீரில் தோய்த்து, எண்ணெய் தடவி உலர்த்திய பழந்தொழில் அவர்களுடையது. அத்தொழிலில் ஒவ்வொரு செய்கைக்கும், ஒவ்வொரு கருவிக்கும், தோலில் விழும் ஒவ்வொரு குறைக்கும் தனிச்சொல் இருந்தது. 1970-களில், பதன்முழுமை பெறாத தோலை வெளிநாட்டிற்கு விடுத்தற்குக் கட்டுப்பாடு வந்தபின், குரோமிய உப்பும் சுழலும் உருளைகளும் பெருகின. புதுப்பொறிகளோடு புதுச்சொற்களும் வந்தன. அவற்றுட் பெரும்பாலன ஆங்கிலத்தின் சிதைவுகள். பழஞ்சொற்கள் கிழவர்களின் வாயோடு நின்றன.

மொழிஞாயிறு தேவநேயப் பாவாணர் இளமையில் கல்வி பயின்ற ஊரும், பின்னர்த் தமிழாசிரியராய்ப் பணிசெய்த ஊரும் இவ்வாம்பூரே. சொல்லுக்காகவே வாழ்ந்த அப்பேரறிஞர் நடந்த தெருவில் நடக்கும் தமிழாசிரியன், தன் கண்முன் சொற்கள் மாய்வதைப் பார்த்துக்கொண்டு வாளா இருக்கலாமா? என் மாணாக்கரை ஏவினேன். அவர்கள் தம் பாட்டன்மாரின் கால்மாட்டில் அமர்ந்து கேட்டுக் கேட்டு எழுதி வந்தனர். ஆறாண்டு உழைப்பில் நானூற்றுக்கு மேற்பட்ட சொற்கள் திரண்டன. அனைத்தையும் பள்ளிக் கணினியில் யானே தட்டச்சிட்டுப் பொருளும் பயன்பாடும் எழுதி வைத்தேன். தட்டச்சிட்டபின் பிள்ளைகளின் கையெழுத்துத் தாள்களைப் பழந்தாள் கட்டோடு போக்கினேன். என் அறியாமையை என்னென்பேன்!

ஒருநாட் காலை, அரையாண்டுத் தேர்வின் வினாத்தாளை அச்சிட வேண்டிய நேரம். கணினியை இயக்கினேன், இயங்கிற்று. எழுத்தாவணம் அமைக்கும் அலுவல் மென்பொருளைச் சொடுக்கினேன். அதன் முகப்புப்படம் மின்னலெனத் தோன்றி மறைந்தது. மீண்டும் சொடுக்கினேன், மீண்டும் மறைந்தது. மூன்றாம் முறை ஆங்கிலத்தில் நான்கு வரிச் செய்தியொன்று தோன்றிற்று. அம்மென்பொருளின் பெயர் ஈண்டு வேண்டா; எதற்கும் நேரக்கூடியதே.

ஆங்கில ஆசிரியரை அழைத்தேன். அவர் அவ்வரிகளைத் திருத்தமாகப் படித்தார். ஒவ்வொரு சொல்லுக்கும் பொருள் சொன்னார். ஆயினும் என்ன பழுது, என்ன செய்யவேண்டும் என்பது அவருக்கும் விளங்கவில்லை. கடைத்தெருவிலிருந்து பழுதுநீக்கும் தம்பியொருவர் வந்தார். செய்தியைப் படிக்கவும் இல்லை. "ஐயா, இது இனிச் சரிப்படாது. எல்லாவற்றையும் அழித்துவிட்டுப் புதிதாகப் போட்டுத் தருகிறேன். மாலைக்குள் ஆகிவிடும்" என்றார். தேர்வு நெருக்கடி. தலையசைத்தேன். மாலையில் கணினி பளபளவென்று திரும்பிற்று. மென்பொருள் ஒரே சொடுக்கில் திறந்தது. உள்ளே ஒன்றும் இல்லை. நானூறு சொற்களும் போயின. அவற்றைச் சொன்ன கிழவர்களுள் இருவர் அதற்கு முன்னரே மண்ணுக்குள் போயிருந்தனர். அவர்கள் சொன்ன சொற்களுட் பாதியும் இன்று என் நினைவில் இல்லை.

ஓராண்டு கழித்து, வேறொரு கணினியில் அதே பழுது. அதே நான்கு வரி. அப்போது என் பழைய மாணாக்கன் ஒருவன் பள்ளிக்கு வந்திருந்தான். தோல் தொழிலாளியின் மகன், தொழிற்கல்லூரியில் படித்தவன். கணினியின் முன் அமர்ந்தான். எங்கோ ஒரு கோப்புறையைத் தேடிப் பிடித்து, அதன் பெயரை மட்டும் மாற்றினான். மென்பொருளைச் சொடுக்கினான். திறந்துகொண்டது! ஐந்து மணித்துளியும் ஆகவில்லை. வியந்து கேட்டேன். அவன் சொன்ன விடையை இன்றும் மறக்கவில்லை: "தோலில் குறையில்லை ஐயா, குழியில் இருந்த சாறுதான் கெட்டுப்போயிற்று. பழஞ்சாற்றை ஒதுக்கிவிட்டேன், அதுவே புதுச்சாறு ஊற்றிக்கொண்டது."

என்னே விளக்கம்! ஆங்கிலச் செய்தி நான்கு வரியில் சொல்லாததைத் தோல் தொழிலாளியின் மகன் தன் தாய்மொழியில் ஒரே மூச்சிற் சொல்லிவிட்டான். மென்பொருள் வேறு, அது தன் அமைப்புகளைக் குறித்து வைத்துக்கொள்ளும் கோப்புறை வேறு, நாம் எழுதிவைக்கும் ஆவணங்கள் வேறு. இம்மூன்றும் தனித்தனி என்பதை யாரேனும் எனக்குத் தமிழில் சொல்லியிருந்தால், அன்று யான் தலையசைத்திருப்பேனா? அன்றைய பழுதும் இதுவாகவே இருந்திருக்கலாம்; வேறாகவும் இருந்திருக்கலாம். எதுவாயினும், அழிப்பதற்கு முன் ஆவணங்களைப் படியெடு என்று கேட்கும் அறிவேனும் எனக்கு இருந்திருக்கும்.

இனி, நம்மைப் பார்த்து நகைப்பார் உளர். "கணினிக்குத் தமிழ் எதற்கு? உலகமே ஆங்கிலத்தில் இயங்குகின்றது, தமிழாக்கினால் எவனுக்கும் விளங்காது" என்பர். அவர்களைக் கேட்கின்றேன்: ஆங்கிலத்தில் இருந்தபோது எவனுக்கு விளங்கிற்று? ஆங்கிலம் கற்பிக்கும் ஆசிரியருக்கே விளங்கவில்லையே! மொழி தெரிந்தும் பொருள் தெரியவில்லை என்றால், பொருளைத் தெரிந்த மொழியிற் கற்பிக்க வேண்டும் என்பதன்றோ முடிவு? விளங்காத ஒன்றை விளங்காத மொழியிலேயே வைத்திருப்பது அறிவியலா? மந்திரத்தைப் பொருள் தெரியாமல் ஓதுவித்தவனுக்கும், பிழைச்செய்தியைப் பொருள் தெரியாமல் கண்டு அஞ்சவைப்பவனுக்கும் என்ன வேறுபாடு?

"கணினி ஆங்கிலத்திலேயே பிறந்தது" என்பாருக்கும் ஒரு செய்தி. இன்று உலகெங்கும் விலையின்றி வழங்கும் இலிப்ரெ ஆபிசு என்னும் அலுவல் மென்பொருளின் வேர் செருமனியில் உள்ளது. 1985-இல் மார்கோ பெரீசு என்னும் செருமானிய இளைஞர் தொடங்கிய நிறுவனத்தில் உருவான இசுடார் ஆபிசே அதன் முன்னோன். 1999-இல் அமெரிக்கச் சன் நிறுவனம் அதனை வாங்கிற்று. 2000-இல் அதன் மூலநிரல் ஓப்பன் ஆபிசு என்னும் பெயரில் உலகிற்குத் திறந்துவிடப்பட்டது. 2010-இல் அதனினின்று இலிப்ரெ ஆபிசு கிளைத்தது. அம்மூலநிரலுக்குள், எந்தப் பகுதி எதற்கு என்று நிரலர் தமக்குத் தாமே எழுதிவைத்த குறிப்புகள் செருமானிய மொழியில் இருந்தன. அவற்றை ஆங்கிலமாக்கத் தன்னார்வலர்கள் பல்லாண்டு உழைக்க நேர்ந்தது! காண்மின், தமிழர்காள்! செருமானியன் தன் தாய்மொழியில் எண்ணினான். தன் தாய்மொழியில் குறித்தான். அவன் படைத்த பொருளை உலகம் தேடிவந்து மொழிபெயர்த்துக்கொண்டது. நாமோ நம் தாய்மொழியில் எண்ணுவதற்கே பிறரிடம் ஒப்புதல் கேட்டு நிற்கின்றோம்.

தமிழில் ஒன்றும் இல்லை என்பதும் பொய். 1999-இல் சென்னையில் கூடிய தமிழிணைய மாநாட்டின் பயனாகத் தமிழ் 99 விசைப்பலகை வந்தது. 2005-இல் நடுவணரசு விலையின்றி வழங்கிய தமிழ் மென்பொருள் குறுந்தகட்டில் ஓப்பன் ஆபிசின் தமிழ் வடிவமும் இருந்தது. 2010-இல் ஒருங்குகுறியைத் தமிழ்நாட்டரசு ஏற்றது. இலிப்ரெ ஆபிசுக்கு இன்றும் தமிழ் இடைமுகம் உண்டு. மைக்ரோசாப்டின் அலுவல் தொகுப்புக்கும் தமிழ் மொழிப்பொதி உண்டு. அதிராம்பட்டினத்து உமர்தம்பி போன்றோர் கூலி கருதாது எழுத்துருவும் கருவியும் ஆக்கித் தந்து மறைந்தனர். இத்தனையும் இருக்க, யான் கண்ட பள்ளிக் கணினிகளுள் தமிழ் இடைமுகம் இயங்குவது ஒன்றேனும் இல்லை. உணவு சமைத்து வைத்திருக்கின்றது, உண்பார் இல்லை. இது யார் குற்றம்?

அரசின் குற்றம் உண்டு. 1956-இலேயே தமிழை ஆட்சிமொழியாக்கச் சட்டம் செய்துவிட்டு, 2011 முதல் மாணாக்கர்க்கு மடிக்கணினிகளை வழங்கியும், அவை நின்றால் என்ன செய்வதென்பதை அப்பிள்ளைகளுக்குத் தமிழில் பயிற்றாத குற்றம் அது. ஆயின் பெருங்குற்றம் நம்முடையதே. நாம் பொருள்களுக்குப் பெயரிட்டோம், பழுதுகளுக்குப் பெயரிடவில்லை. கணினியா, கணிப்பொறியா, கணனியா என்று மேடைதோறும் வழக்காடினோம். அக்கணினி நின்றபோது அதை ஓட்டுவது எப்படி என்று ஒரு துண்டறிக்கையேனும் அடித்தோமா? பெயர் வைத்தவன் பிள்ளைக்கு நோய் வந்தால் மருந்தும் அறிந்திருக்க வேண்டாவா? தோல் தொழிலில் நிகழ்ந்தது இதுவே: பொறியோடு சொல் வந்தது, பழுதோடு சொல் நிலைத்தது. பழுதைப் பற்றிப் பேசும் மொழியே தொழிலின் மொழி. அதை விட்டுக்கொடுத்தவன் தொழிலையே விட்டுக்கொடுத்தவன்.

எனவே பேச்சோடு நில்லாமல் செயலுக்கு வருவோம். அலுவல் மென்பொருள் திறக்க மறுத்தால் செய்யவேண்டியவற்றை, யான் பின்னர்க் கேட்டும் செய்தும் அறிந்தவாறு, வரிசையாகத் தருகின்றேன். வெட்டியெடுத்துக் கணினியருகே ஒட்டிக்கொள்க.

முதலாவது, அஞ்சற்க. மென்பொருள் திறக்கவில்லை என்பதனால் ஆவணங்கள் அழிந்துவிட்டன என்று பொருளில்லை. கோப்புறையைத் திறந்து அவை இருக்கின்றனவா என்று காண்க. இருப்பின், வேறெதுவும் செய்யுமுன் ஒரு விரலியில் படியெடுத்துக்கொள்க.

இரண்டாவது, கணினியை முறையாக நிறுத்தி மீண்டும் தொடங்குக. மென்பொருள் மூடப்பட்டதுபோல் தோன்றினும் பின்னணியில் முழுதும் முடியாமல் ஓடிக்கொண்டிருத்தல் உண்டு. அந்நிலையில் மறுபடி திறக்க மறுக்கும். விண்டோசில் கண்ட்ரோல், சிப்டு, எசுகேப்பு எனப் பொறித்த மூன்று விசைகளையும் ஒருங்கே அழுத்தினால் ஓடும் பணிகளின் பட்டியல் தோன்றும். அதில் அம்மென்பொருளின் பெயர் இருப்பின் தேர்ந்து முடித்துவிடுக. வன்தட்டு இடமின்றி நிறைந்திருக்கின்றதா என்பதையும் பார்த்துக்கொள்க.

மூன்றாவது, பழுது மென்பொருளிலா, கோப்பிலா என்று பிரித்தறிக. கோப்பைச் சொடுக்காமல் மென்பொருளை மட்டும் வெறுமையாகத் திறந்து பார்க்க. அது திறந்தால், குறை அந்த ஒரு கோப்பிலேயே உள்ளது. மென்பொருளை அழிப்பது வீண்.

நான்காவது, காப்புநிலையில் திறக்க. மைக்ரோசாப்டின் வேர்டு ஆயின், கண்ட்ரோல் விசையை அழுத்தியவாறே அதன் படவுருவைச் சொடுக்கினால், காப்புநிலையில் தொடங்கவா என்று கேட்கும். இலிப்ரெ ஆபிசுக்கு விண்டோசின் தொடக்கப் பட்டியலிலேயே காப்புநிலைக்கெனத் தனிப் படவுரு உண்டு. காப்புநிலையில் திறந்து, இயல்புநிலையில் திறக்கவில்லையாயின், பின்னர்ச் சேர்த்த துணைச்செருகலோ, வரைகலை முடுக்கமோ, கெட்டுப்போன அமைப்போ கரணியமாகலாம். செருகல்களை ஒவ்வொன்றாக நிறுத்திக் காண்க.

ஐந்தாவது, என் மாணாக்கன் செய்த மருத்துவம். இலிப்ரெ ஆபிசில், பயனரின் அமைப்புகள் 'யூசர்' என்னும் கோப்புறையில் உள்ளன. விண்டோசில் அது ஆப்டேட்டா, உரோமிங்கு, இலிப்ரெ ஆபிசு, 4 என்னும் கோப்புறைகளில் ஒன்றனுள் ஒன்றாக அடங்கியிருக்கும். ஆப்டேட்டா இயல்பாகக் கண்ணுக்குத் தெரியாது. மறைந்தவற்றைக் காட்டுமாறு பணித்தபின் தெரியும். மென்பொருளை மூடிவிட்டு 'யூசர்' என்னும் பெயரை 'பழையது' என்று மாற்றுக. அடுத்த முறை திறக்கையில் மென்பொருள் தானே புதிய கோப்புறையை ஆக்கிக்கொள்ளும். அழித்துவிடாமல் பெயர் மட்டும் மாற்றுவதற்குக் கரணியம், நீங்கள் சேர்த்த சொற்பட்டியலும் வார்ப்புருக்களும் அதனுள் இருக்கலாம் என்பதே. வேர்டில் இதற்கிணையான வேலையை 'நார்மல்' என்னும் வார்ப்புருக் கோப்பின் பெயரை மாற்றிச் செய்யலாம்.

ஆறாவது, இவற்றாலும் ஆகாவிடின், மென்பொருளைச் செப்பஞ்செய்க அல்லது நீக்கி மீண்டும் நிறுவுக. மைக்ரோசாப்டின் தொகுப்பில், நிறுவிய மென்பொருள்களின் பட்டியலிலேயே விரைவுச் செப்பம், இணையவழிச் செப்பம் என இருவகை உண்டு. இவை நீங்கள் எழுதிய ஆவணங்களைத் தொடா.

ஏழாவது, எவரேனும் "எல்லாவற்றையும் அழித்துவிட வேண்டும்" என்றால், "முதலில் என் ஆவணங்களைப் படியெடுத்துக் காட்டு, தம்பி" என்று சொல்லுக. கணினியே இயங்காவிடினும் வன்தட்டைக் கழற்றி வேறொரு கணினியில் இணைத்துப் படியெடுக்கலாம்; விரலியிலிருந்தே இயங்கும் இலினக்சைக் கொண்டும் எடுக்கலாம். முடியாது என்பான் சொல்லை உடனே நம்பற்க.

அன்பர்களே, இவ்வேழும் தமிழில் சொல்ல முடியாதனவா? இதோ, சொல்லிவிட்டேன். வடமொழி துணைவேண்டவில்லை, விசைகளின்மேலும் கோப்புறைகளின்மேலும் பொறித்துள்ள பெயர்களும் பொருள்களின் பெயர்களும் அன்றி ஆங்கிலமும் வேண்டவில்லை. ஐம்பது அகவை கடந்த தமிழாசிரியன் ஒருவனாலேயே இயலுமாயின், கணினியைக் கற்றுத் தேர்ந்த தமிழ் இளைஞர் ஆயிரவர் முனைந்தால் என்னதான் இயலாது?

நாம் செய்யவேண்டியவை மூன்று. ஒன்று, நம் கைக்கு எட்டிய கணினி ஒவ்வொன்றிலும் இன்றே தமிழ் இடைமுகத்தை அமைத்தல். இரண்டு, இலிப்ரெ ஆபிசு போன்ற திறந்த மென்பொருள்களைத் தமிழாக்கும் தன்னார்வலரோடு சேர்ந்து, பிழைச்செய்திகளையும் உதவிப்பக்கங்களையும் தெளிதமிழில் ஆக்குதல். அங்கே அகரமுதலிப் புலமையைக் காட்டாமல், தோல் தொழிலாளியின் மகனுக்கு விளங்குகின்றதா என்பதையே அளவுகோலாகக் கொள்ளுதல். மூன்று, நம் பள்ளிகளில் கணினி ஓட்டுவதைக் கற்பிக்கும்போதே கணினி நின்றால் ஓட்டுவதையும் தமிழிற் கற்பிக்குமாறு அரசை நெருக்குதல்.

யான் என் பங்கைத் தொடங்கிவிட்டேன். எஞ்சியிருக்கும் கிழவர்களிடம் பிள்ளைகளை மீண்டும் அனுப்பியுள்ளேன். இம்முறை சொற்கள் தாளிலும் உள்ளன, கணினியிலும் உள்ளன, மூன்று விரலிகளிலும் உள்ளன. இதுகாறும் நூற்றறுபது சேர்ந்துள்ளன. இறந்துபோன இருவரின் சொற்கள் மட்டும் இனி எந்தப் பொறியாலும் மீளா.

தமிழைக் காப்போம் என்று மேடையில் முழங்கும் கைகளே! அக்கைகளால் நின்றுபோன பொறியொன்றைத் தமிழில் ஓட்டிக் காட்டுங்கள். பழுதைத் தன் மொழியிற் பேசும் இனமே தன் பொறிக்கு உடைய இனம்.

வெல்க தமிழ்!